மாற்றுக்கு வந்த பிள்ளை

உட்காருங்கள் அம்மா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். நான் நின்றுகொண்டேதான் பேச வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கொப்பரையில் ஜாமுக்குப் பிளம்ஸ் கொதிக்கிறது. விடிகிறபோது ஏற்றியது. துடுப்பைக் கொஞ்சம் விட்டால் போதும், அடி பிடித்துவிடும். அப்புறம் குளிர்காலம் முழுக்கக் கருகல் வாசனையோடுதான் ரொட்டி தின்ன வேண்டியிருக்கும்.

ப்ராகிலிருந்து வருகிறீர்கள். சரி. போரில் காணாமல் போன பிள்ளைகளைத் தேடுகிற அலுவலகம். அதுவும் சரி. ஆனால் இங்கே யாரும் காணாமல் போகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். ஒன்றாம் வகுப்பு, இந்த செப்டம்பரில்தான் சேர்த்தோம். மத்தியான மணி அடித்ததும் வந்துவிடுவாள். அதுவரைக்கும் நீங்கள் அங்கே உட்கார்ந்திருக்கப் போகிறீர்கள், நான் இங்கே நிற்கப் போகிறேன். இரண்டு பெண்கள் ஒரு சமையலறையில் பேசாமல் எப்படி இருப்பது?

யார் பிள்ளை என்று கேட்கிறீர்கள். எர்னாவின் பிள்ளை. நான் இல்லை என்றேனா? எர்னா பெற்றாள், மாற்றுக்குக் கொடுத்தாள், நான் வாங்கிக்கொண்டேன். திருடினேன் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் அது பொய்.

மாற்று என்றால் தெரியாதா? ப்ராகில் அந்தப் பழக்கம் இல்லை போலிருக்கிறது. உங்கள் ஊரில் எல்லா மொழிக்கும் வாத்தியார் இருப்பார். எங்களுக்கு ஏது?

கீழே சமவெளி. அங்கே நாங்கள், செக் பேசுகிறவர்கள். மேலே மலை. இங்கே அவர்கள், ஜெர்மன் பேசுகிறவர்கள். நடுவில் ஆறு, ஆற்றின் மேல் ஆலைப் பாலம். கோதுமைக்கு அவர்கள் இறங்கி வர வேண்டும், விறகுக்கு நாங்கள் ஏறிப் போக வேண்டும். மொழி தெரியாதவன் சந்தையில் வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். அதனால் பிள்ளைக்குப் பத்து, பதினோரு வயது ஆனதும் மாற்றிக்கொள்வார்கள். நம் பிள்ளை அவர்கள் வீட்டுக்கு, அவர்கள் பிள்ளை நம் வீட்டுக்கு. ஒரு வருஷம். அங்கே தின்று, அங்கே தூங்கி, அங்கே மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, அந்தப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி. ஒரு வருஷத்தில் மொழி வந்துவிடும். எங்கள் தாத்தா காலத்தில், வியன்னாவில் சக்கரவர்த்தி இருந்தபோதும் இருந்தது, சக்கரவர்த்தி போய் நமக்கென்று குடியரசு வந்தபோதும் இருந்தது.

அதற்கு விதிமுறை உண்டு. அந்த ஒரு வருஷத்தில் பெற்றவள் போய்ப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பிள்ளை அழும், அழுகிற பிள்ளைக்கு மொழி ஏறாது. திருப்பிக் கொடுக்கிற நாளில் இரண்டு தாய்களும் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்பார்கள். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட வேண்டும். பிள்ளை தானாக நடந்து வர வேண்டும்.

நான் எர்னா வீட்டுக்கு வந்தேன். எர்னா எங்கள் வீட்டுக்குப் போனாள். இரண்டு பேருக்கும் பதினோரு வயது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அவளை, "ஏய் மலைக்காரி, சரிவிலேயே நடந்து நடந்து உனக்கு ஒரு கால் குட்டையாமே, காட்டு பார்க்கலாம்" என்பார்களாம். அவள் நிஜமாகவே இரண்டு காலையும் நீட்டி வைத்து அளந்து காட்டினாளாம். இங்கே என்னை "சமவெளி வாத்து" என்பார்கள். ஏறத் தெரியாமல் ஆடி ஆடி நடந்தேன் அல்லவா, அதனால். எர்னாவின் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிட வேண்டும். அத்தை நல்லவள். வருஷம் முடிந்து பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தபோது, அந்தப் பக்கத்திலிருந்து என் அம்மா "மிலாதா!" என்று கூப்பிட்டாள். எனக்குக் கால் நகரவில்லை. அத்தைதான் முதுகில் கை வைத்து, "போடி வாத்து, உங்கம்மா உனக்காக மாவு பிசைஞ்சு வச்சிருப்பா, புளிச்சுடும்" என்று லேசாகத் தள்ளினாள். இழுக்கத்தான் கூடாது. தள்ளக் கூடாது என்று விதியில் இல்லை.

ஆமாம், இங்கே என்றேன். இந்த வீடுதான். இது எர்னாவின் வீடு. இந்தக் கொப்பரை அத்தையுடையது. ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் எதையும் ஒளிக்கவில்லையே. காகிதப்படி இப்போது எங்களுடையது. சர்க்கார் கொடுத்தது. எல்லாம் இருந்தது இருந்தபடி வைத்திருக்கிறேன். அந்தத் தட்டுகள்கூட அதே அடுக்கில்தான் இருக்கின்றன.

கொஞ்சம் கிண்டுங்கள் அம்மா, நான் ஒரு விறகு வைக்கிறேன். இப்படி, அடிவரைக்கும் போக வேண்டும். பரவாயில்லை, பழகிவிடும்.

எனக்கு மொழி வந்துவிட்டது என்று என் அப்பாவுக்குச் சந்தோஷம். அடுத்து நல்ல பழக்கவழக்கம் வரட்டும் என்று கன்னியர் மடத்துப் பள்ளிக்கு அனுப்பினார். அவர் எங்கள் யான் ஹுஸ் பக்கம். போப்பை எதிர்த்தார் என்று கான்ஸ்டான்ஸில் உயிரோடு எரித்தார்களே, அந்தப் பாதிரியார். அடுப்புக்கு மேலே அவர் படம் மாட்டியிருக்கும். மடத்தில் சகோதரி அதே மனிதரை மதத் துரோகி என்று சொல்லிக்கொடுப்பார். வீட்டில் ஒரு தேர்வு, பள்ளியில் ஒரு தேர்வு. இரண்டிலும் தேறினேன். அப்பா சொல்வார், "நம்ம ஜனங்க ஐரோப்பாவுக்கு நட்டநடுவுல வீட்டைக் கட்டிட்டோம். போறவன் வர்றவன் எல்லாம் நம்ம கூடத்து வழியாத்தான் போறான், செருப்பைக் கழட்டாம." வெள்ளை மலைச் சண்டையில் தோற்றது, முந்நூறு வருஷம் வியன்னாவுக்குக் கீழே கிடந்தது, ஸ்வீடன்காரன் வந்தது, பிரஷ்யாக்காரன் வந்தது, பிரெஞ்சுக்காரன் வந்தது, எல்லாம் வரிசையாகச் சொல்வார். ஒவ்வொருத்தன் வந்தபோதும் எங்கள் ஊரில் எந்தக் கிணற்றில் எதை ஒளித்தார்கள் என்றுகூடச் சொல்வார்.

மடத்தில் எனக்குப் பதினேழு வயது நடந்தபோது மியூனிக்கில் அந்த ஒப்பந்தம் போட்டார்கள். உங்களுக்குத் தெரியாததா? சகோதரி சுவரில் இருந்த தேசப்படத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டார். மலை எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம், ஜெர்மனிக்குப் போய்விட்டது. எர்னா வீடு அந்தப் பக்கம். ஆலைப் பாலம் பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். நாலு தேசத்துப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து முடிவு செய்தார்களாம். எங்கள் ஆட்களை அறைக்குள் கூப்பிடவே இல்லையாம். எங்கேயோ ஒரு விடுதியில் உட்கார வைத்திருந்தார்களாம், முடிந்ததும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்களாம். நான் அன்றைக்கு அழுதேன். அதற்கப்புறம் பெரிதாக அழுததாக நினைவில்லை. ஆனால் அன்றைக்கு அழுதேன். ஒரு பொருளை யாருக்குக் கொடுப்பது என்று பேசும்போது அதன் சொந்தக்காரரைக் கூப்பிட வேண்டாமா அம்மா? ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? அவர்கள் நல்லதுக்குத்தான் செய்தார்களாம், போர் வராமல் இருக்கத்தான் செய்தார்களாம். எடுத்துக்கொள்கிறவன் எப்போதும் அப்படித்தான் சொல்வான்.

எர்னா பற்றிக் கேட்டீர்கள். இருங்கள், வருகிறேன்.

என் வீட்டுக்காரர் பேர் ஓல்த்ரிச். ஓல்டா என்று கூப்பிடுவோம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அவரை லின்ஸ் ஊருக்குத் தொழிற்சாலை வேலைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்போது நாங்கள் ஜெர்மன்காரர்களின் கையில், உங்களுக்குத் தெரியும். அவர் போன பிறகுதான் லித்கா பிறந்தாள். முழுப் பேர் லுத்மிலா. அவர் போர் முடிந்து மே மாதம் திரும்பி வந்தபோது அவள் நின்று, விழுந்து, மறுபடி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அதுக்கப்புறம் வந்த ஜனவரியில் தொண்டை அடைப்பான். மூன்று நாள். தரை உறைந்து கிடந்தது. அவர் கடப்பாரை எடுத்துக்கொண்டு போனார். நான் வீட்டில் இருந்து பால் காய்ச்சினேன். யாருக்கென்று தெரியவில்லை, காய்ச்சினேன்.

இல்லை, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் கிண்டுங்கள்.

அந்த ஏப்ரலில் இங்கே வந்தோம். போரில் ஜெர்மனி தோற்று மலை மறுபடி நமக்கு வந்துவிட்டது, மலைக் கிராமங்களில் இருக்கிற ஜெர்மன்காரர்களை எல்லாம் ஜெர்மனிக்கே அனுப்பிவிடப் போகிறார்கள், கீழே இருக்கிறவர்கள் போய் வீடு, நிலம் பார்த்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். ஓல்டாவுக்கு இஷ்டமில்லை. நான்தான் சொன்னேன். முன்பின் தெரியாத எவனோ வந்து எர்னா வீட்டில் உட்காருவதற்கு, மாடு எந்தப் பக்கம் உதைக்கும் என்று தெரிந்த நான் உட்காரலாமே என்றேன். நியாயம்தானே? வீடுகளைப் பிரித்துக் கொடுத்த கமிட்டிக்காரர்களும் அதைத்தான் சொன்னார்கள்.

நாங்கள் வண்டியோடு வந்து இறங்கியபோது எர்னா இந்த வாசலில் நின்றாள். கையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தாள், அதில் ஜெர்மன்காரி என்பதற்கான எழுத்து. எல்லாருக்கும் அப்படித்தான். புருஷன் கிழக்கே போர்முனைக்குப் போனவன், வரவில்லை. அத்தை இறந்துபோயிருந்தாள். இடுப்பில் ஹெட்விக், இரண்டு வயது. என்னைப் பார்த்து எங்கள் சமவெளிச் செக் மொழியில், அச்சு அசல் என் அம்மா பேசுவது போல, "வா வாத்து, மறுபடி மாத்துக்கு வந்தியா?" என்றாள். சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

நாலு மாதம் ஒரே சமையலறை. அவர்கள் முறை வரும்வரை அவர்களும் இருக்க வேண்டும், நாங்களும் இருக்க வேண்டும். அவள் சின்ன அறையில், நாங்கள் பெரிய அறையில். அவளே சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்தாள். நான் கேட்கவில்லை. கேட்டது ஓல்டாவும் இல்லை, கமிட்டிக்காரன். அவள் மாட்டைக் கறந்து பாலை என்னிடம் கொடுப்பாள், நான் அதில் ஒரு குவளை அவள் குழந்தைக்குக் கொடுப்பேன். நிறையத்தான் கொடுப்பேன். அப்படி ஒருநாள் கொடுக்கும்போதுதான் குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. லித்கா வயசுதானே. கையும் அந்த அளவு கைதான்.

ஆகஸ்டில் அவர்கள் முறை வந்தது. ஆளுக்கு ஐம்பது கிலோ மூட்டை, ரயிலடிக்கு நடை, அங்கிருந்து சரக்கு வண்டி. குழந்தைக்கு அப்போது அம்மை போட்டிருந்தது. உடம்பெல்லாம் சிவந்து நெருப்பாகக் கொதித்தது. எர்னா மூட்டையைக் கட்டுவாள், அவிழ்ப்பாள், கட்டுவாள். அப்புறம் நான் இப்போது நிற்கிற இதே இடத்தில் நின்று சொன்னாள்.

"மிலா, வண்டியில இவ தாங்க மாட்டா. ஒரு வருஷத்துக்கு மாத்து. நம்ம அம்மாக்கள் செஞ்ச மாதிரி. அடுத்த கோடையில நான் பாலத்துக்கு வர்றேன்."

"உன்னை விடுவாங்களா?" என்றேன்.

"அதுக்குள்ள எல்லாம் அடங்கிடும். எவ்வளவு நாளுக்குத்தான் பைத்தியம் பிடிச்சிருக்கும் ஜனங்களுக்கு? நீ சரின்னு சொல்லு."

"சரி" என்றேன்.

"அழுதா தொடையில தட்டு, முதுகுல தட்டாதே. முதுகுல தட்டினா விக்கல் வரும்."

"தெரியும். நானும் வளர்த்தவதானே."

போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பழக்கம் தெரிந்தவள், பார்த்தால் பிள்ளை அழும் என்று அவளுக்குத் தெரியும்.

நான் விதிப்படி நடந்தேன் அம்மா. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன். ஜெர்மனில் ஒரு வார்த்தை நான் பேசவில்லை. அதுதான் விதி, மாற்று வீட்டில் மாற்று மொழிதான். எர்னா கடிதம் போட்டாளா என்றால், போட்டாள். இரண்டு மூன்று வந்தது. நான் வாசித்துக் காட்டவில்லை. மாற்றுக் காலத்தில் கூடாது. பதிலும் போடவில்லை. வெளிநாட்டுக்குக் கடிதம் போடுகிறவளை இங்கே எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். இந்த வசந்தத்தில் கம்யூனிஸ்ட் சர்க்கார் சாமியார் மடங்களையே ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்தது. என் பள்ளிச் சகோதரிகளுக்கும் அதே கதிதான் என்கிறார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் எந்தக் கட்சியோ, எனக்கு வேண்டாம். எனக்குப் பயம், அவ்வளவுதான். கதவை யாராவது தட்டினால் முதலில் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறேன். இன்றைக்கு நீங்கள் தட்டினீர்கள்.

ஒரு வருஷம் முடிந்தது. நான் பாலத்துக்குப் போனேனா இல்லையா? அதைக் கேளுங்கள். போனேன். குழந்தைக்குத் தலை வாரி, நல்ல கவுன் போட்டு, ரொட்டி கட்டிக்கொண்டு, இரண்டு மணி நேரம் நடந்து போனேன். ஓல்டா தடுத்தார். "அவ எப்படி வருவா? எல்லையில சிப்பாய் நிக்கிறான்" என்றார். எனக்கு அதெல்லாம் தெரியாதா? ஆனால் நான் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. போய் எங்கள் பக்கத்தில் நின்றேன். ஆலையில் யாரும் இல்லை, சக்கரம் நின்று பாசி பிடித்துக் கிடந்தது. வெயில் சாயும்வரை நின்றேன். எர்னா வரவில்லை.

வராதது என் குற்றமா? நான் வந்தேன். அவள் வரவில்லை. விதி என்றால் இரண்டு பக்கத்துக்கும் விதிதானே?

திரும்பி வருகிற வழியில் குழந்தை பின்தங்கிப் பூப்பறித்துக்கொண்டு நின்றது. அப்போதுதான் முதல் தடவை "லித்கா, வா" என்று கூப்பிட்டேன். வந்துவிட்டாள். அவ்வளவுதான். ஒரு அழுகை இல்லை, ஒரு முரண்டு இல்லை. வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஊர்ப் பலகையையே மாற்றிவிட்டார்களே, ஷோன்பாக் என்று இருந்ததை அழித்து க்ராஸ்னா என்று எழுதினார்கள். மலைக்கு வேறு பேர், தெருவுக்கு வேறு பேர். ஊருக்கே பேரை மாற்றலாம், ஒரு பிள்ளைக்கு மாற்றினால் என்ன? ஜெர்மன் பேரோடு பள்ளிக்கு அனுப்பினால் கல்லால் அடிப்பார்கள். அவளுக்கு நல்லதுக்குத்தான் செய்தேன்.

இப்போது கொடுங்கள், நான் கிண்டுகிறேன். கெட்டியாகிக்கொண்டு வருகிறது, உங்கள் கைக்கு வராது.

பவேரியாவில் இருக்கிறாளா எர்னா? உயிரோடு இருக்கிறாள். நல்லது. துணி ஆலையிலா வேலை? ஒரே அறையா? அங்கே பாதி ஊர் இடிந்து கிடக்கிறதாமே. ஒரே அறையில் ஒரு பிள்ளையை எங்கே வைத்துக்கொள்வாள்? இங்கே அவளுக்கு ஆடு இருக்கிறது, பிளம்ஸ் மரம் இருக்கிறது, அவள் அளவுக்கு ஓல்டா செய்த சின்ன மண்வாரி இருக்கிறது. அப்படியானால் நாலு வருஷமாக ஏன் தேடவில்லை? எந்த முகவரி என்று அவளுக்குத் தெரியாதா என்ன, அவள் வீடுதானே. ஓ, கடிதத்துக்குப் பதில் இல்லை என்பதால் பிள்ளை செத்துவிட்டது என்று நினைத்தாளா?

அப்படியா நினைத்தாள்.

அப்படி நினைத்தவளுக்கு இப்போது உயிரோடு இருக்கிறது என்று சொன்னது யார்? இல்லை, சொல்லுங்கள். பக்கத்து வீட்டு நோவோட்னாதானே? அவளுக்கு எங்கள் மாட்டின் மேல் ஒரு கண். அவள் இல்லையா? பள்ளி வாத்தியாரா?

ஓல்டாவா?

எங்கள் ஓல்டாவா?

சரி.

இல்லை, உட்காருங்கள். எனக்கு ஒன்றுமில்லை. இந்த விளிம்பைக் கொஞ்சம் துடைக்க வேண்டும், தெறிக்கிறது. வேனிற்காலத்தில் ஒரு நாள் ப்ராகுக்கு ட்ராக்டர் பாகம் வாங்கப் போகிறேன் என்று போனார். பாகம் வாங்கிக்கொண்டுதான் வந்தார். அப்போதா? இன்றைக்குக் காலையில் அவளோடு பள்ளிக்கூடம்வரை நடந்து போனார், வழக்கமாக அவள் தனியாகத்தான் போவாள். காட்டில் வேலை, வர நேரமாகும் என்றார். முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

அவர் அவளை லித்கா என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. "சின்னவளே" என்பார், "ஏய் வாலு" என்பார். ஆம்பிளைகளுக்குப் பேர் சொல்ல வராது என்று நான் விட்டுவிட்டேன். ஒரு தடவை சொன்னார், "லின்ஸ்ல எங்களுக்குப் பேர் கிடையாது மிலா, நம்பர்தான். ராத்திரி படுக்கும்போது என் பேரை நானே கூப்பிட்டுப் பார்த்துக்குவேன், மறந்துடக் கூடாதுன்னு." அதை எதற்கு என்னிடம் சொன்னார் என்று அப்போது தெரியவில்லை. தூங்குங்கள் என்றேன்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் பிள்ளையைப் பற்றி, நான் இல்லாத இடத்தில் உட்கார்ந்து, அவரும் நீங்களும் முடிவு செய்திருக்கிறீர்கள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மணி அடிக்கிறது. கேட்கிறதா? இனி அந்த வளைவு திரும்பினால் தெரிவாள். ஜன்னல் பக்கம் வாருங்கள்.

ரயில் வியாழக்கிழமையா? பிள்ளைகளுக்கென்றே ஒரு பெட்டியா? இங்கே பாருங்கள் அம்மா, நான் சண்டை போடுகிறவள் இல்லை. உங்களிடம் சர்க்கார் முத்திரை இருக்கிறது, நினைத்தால் போலீஸோடு வந்து தூக்கிக்கொண்டு போவீர்கள். நான் கேட்பது ஒன்றுதான். பழக்கப்படி செய்யுங்கள். எர்னாவும் அந்தப் பழக்கத்தில்தான் கொடுத்தாள். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அந்தப் பேருக்கு அவள் வந்தால், உங்களோடு. வராவிட்டால், வரமாட்டேன் என்றுவிட்டாள் என்று எர்னாவுக்கு எழுதிவிடுங்கள், எர்னாவுக்குப் புரியும். சம்மதமா? தலையாட்டினீர்கள். தலையாட்டியது நீங்கள், நினைவிருக்கட்டும்.

அதோ. சிவப்புத் தொப்பி. அவள்தான். வளர்ந்துவிட்டாள் இல்லையா? நோவோட்னாவின் வாத்துகளோடு நின்று பேச ஆரம்பித்துவிட்டாள். தினமும் இதே கதை, வாத்துக்கெல்லாம் பாடம் நடத்துவாள். கூப்பிடுங்கள்.

"ஹெட்விக்" என்று இப்படி மெதுவாகக் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்? இன்னும் உரக்க.

பார்த்தீர்களா? கேட்டது, அந்த நாய்கூடத் திரும்பியது. அவள் திரும்பவில்லை. நான் சொன்னேனே. நாலு வருஷம் அம்மா. இரண்டு வயதில் என்ன நினைவு இருக்கும்?

ஹெடி என்றா? எர்னா அப்படிச் சொல்லி அனுப்பினாளா? ஆமாம், வீட்டில் ஹெடி என்றுதான் கூப்பிடுவாள். ஒரு தடவைதான் என்பது விதி, ஆனால் பரவாயில்லை. நாளைக்கு நீங்கள் எர்னாவிடம், சரியான பேரைச் சொல்ல விடவில்லை என்று சொல்லக் கூடாது. நகருங்கள், உங்களுக்குத் தொண்டை போதவில்லை. நானே கூப்பிடுகிறேன். மலைக்காரிகள் கூப்பிடுகிற ராகம் எனக்குத் தெரியும், அத்தை என்னைக் கூப்பிட்ட ராகம். எர்னாவே வந்து நின்று கூப்பிடுவது போல இருக்கும். அப்புறம் குறை சொல்லக் கூடாது.

"ஹெடீ... !"

திரும்பிவிட்டாள்.

ஓடி வருகிறாள். பாருங்கள், எப்படி ஓடி வருகிறாள். பையை வாத்துகளுக்கு நடுவிலேயே போட்டுவிட்டு வருகிறாள்.

"அப்பா! அப்பா வந்துட்டாரா? எங்க ஒளிஞ்சிருக்காரு? அம்மா, அப்பாதானே கூப்பிட்டாரு? அப்பா மட்டும்தான் என்னை அப்படிக் கூப்பிடுவாரு, தொழுவத்துல யாரும் இல்லாதப்போ, உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு..."

இல்லடி. அப்பா இன்னும் வரலை. இந்த அம்மா கூப்பிட்டாங்க. ப்ராக்லேர்ந்து வந்திருக்காங்க, வணக்கம் சொல்லு. முதல்ல போய்க் கையைக் கழுவு. முகத்தையும் கழுவு, காதுக்குப் பின்னாடியும். அப்புறம் பெட்டியில இருக்கிற அந்தப் பச்சை கவுனை எடுத்துப் போட்டுக்கோ. ஆமா, எனக்குத் தெரியும், இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லை. போட்டுக்கோ.